மூன்று நாள் தீட்டும் இரட்டைக் குடியுரிமையும்

ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு நாடுகளுக்கு உரியவராக இருக்கலாமா என்னும் வினா, பெரும்பாலும் பாஸ்போர்ட், வரி, சொத்து ஆகியவற்றை ஒட்டிய நடைமுறை வினாவாகவே பேசப்படுகிறது. வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த இருவர் மணம்புரிந்துகொள்ளும்போதோ, அதன் அடியில் கிடக்கும் பழைய வினா ஒன்று மேலே வருகிறது: பற்று என்பது பங்கிடக்கூடியதா, அல்லது ஓரிடத்தில் முழுதும் வைத்தபின் வேறோரிடத்தில் வைக்க எதுவும் மிஞ்சாததா? குடியுரிமைச் சட்டங்கள் இதற்கு விடை எழுதத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, திருமணம், தத்து, இறப்பு ஆகியவற்றை ஒழுங்குசெய்த சமய நெறிகள் இதைச் சந்தித்துவிட்டன; ஒரு குடும்பத்தில் பிறந்தவர் இன்னொரு குடும்பத்துக்கு உரியவராகும்போது பழைய உறவு என்னவாகிறது என்பதற்கு அவை ஏதேனும் ஒரு விடை சொல்லியே தீரவேண்டியிருந்தது. அவ்விடைகளை இன்றைய இந்தியச் சட்டத்தின் அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. சட்டம் சமயத்தைப் பின்பற்றவேண்டும் என்பதற்காக அன்று, சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும் என்பதற்காக.

இது வெறும் ஏட்டுவினா அன்று என்பதற்குச் சென்னையின் தென்புறத்துப் புறநகர்களே சான்று. செங்கல்பட்டு மாவட்டத்தில், மேற்குத் தாம்பரத்தை அடுத்து, அடையாற்றை ஒட்டி அமைந்த முடிச்சூர், பயிர்நிலங்கள் வீட்டுமனைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிய ஊர்களுள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதன் பெயர் வெளியூர்களிலும் அறியப்பட்டது. பெற்றோர் இங்கே இருக்க, பிள்ளைகள் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ டல்லஸிலோ வேலையில் இருப்பது இத்தகைய புறநகர்களில் இன்று யாரும் வியக்காத குடும்ப அமைப்பு. அப்பிள்ளைகளுள் சிலர் வேற்று நாட்டவரை மணக்கிறார்கள்; அந்த வேற்று நாட்டவர் மொழியாலும் சமயத்தாலும் தமிழராகவே இருப்பதும் உண்டு. மதம் எதுவாயினும் இருவர் பதிவு அலுவலர் முன் மணந்துகொள்ள வழிசெய்யும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, இருவருள் ஒருவர் அம்மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருந்து, அறிவிப்புக் கொடுத்தபின் மேலும் முப்பது நாள் காத்திருந்தால், இவர்களும் கணவன் மனைவி ஆகலாம். மணத்தைச் செய்துவைக்கும் அந்தச் சட்டம் அவர்களுடைய குடியுரிமையைத் தொடுவதேயில்லை. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முடிச்சூரில் பிறந்த பெண் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் குடியேறி அந்நாட்டுக் குடிமகனான தமிழர் ஒருவரை மணந்ததாகக் கொள்ளலாம். கனடா 1977 முதல் தன் குடிமக்கள் வேறொரு குடியுரிமையும் வைத்திருப்பதைத் தடுப்பதில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றதால் தன் குடியுரிமையை இழந்தவர், விண்ணப்பித்து அதை மீட்டுக்கொண்டு இரண்டையும் ஒருங்கே வைத்திருக்க இலங்கையும் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இடமளிக்கிறது. இரட்டைக் குடியுரிமை எனப்படுவது இதுவே. ஆகவே கணவர் இரு நாட்டவராக இருக்கலாம். மனைவிக்கோ அந்த வாய்ப்பு இல்லை. இந்திய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்பு வகுத்த கோட்பாட்டை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தொடர்ந்து காக்கிறது: தானே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்பவர் அப்போதே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார், அதற்கென எவரும் ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை, பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெறுவது மட்டுமே எஞ்சும் வேலை.

இந்த இழப்பை ஈடுசெய்ய வந்ததுதான் ஓ.சி.ஐ. அட்டை எனப் பலரும் அறிந்த ஏற்பாடு. புலம்பெயர் இந்தியர் பற்றி ஆராய்ந்த எல்.எம். சிங்வி குழு 2002 ஜனவரியில் இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைக்க, 2003 ஜனவரி 9 அன்று தொடங்கிய முதல் பிரவாசி பாரதிய திவஸ் விழாவில் பிரதமர் வாஜ்பாய் அதை அறிவிக்க, 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அது குடியுரிமையாக இல்லாமல், நிரந்தர நுழைவுரிமையும் சில பொருளாதார வசதிகளும் கொண்ட அட்டையாகச் சுருங்கியிருந்தது. அட்டையுடையவர் விசா இல்லாமல் வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்கவும், தேர்தலில் நிற்கவும், நீதிபதியாகவும், பொதுவாக அரசுப் பணியில் சேரவும் இயலாது. வேளாண் நிலத்தை அவர் விலைக்கு வாங்கமுடியாது. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாகப் பெறமுடியும்.

இந்தியக் குடிமகளின் வேற்று நாட்டுக் கணவரும், மணம் பதிவாகி இரண்டாண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் பின் இந்த அட்டையைப் பெறலாம். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின்படி, மணமுறிவு ஏற்பட்டாலோ, மணம் நிலைத்திருக்கும்போதே வேறொருவரை மணந்தாலோ அட்டையை மைய அரசு நீக்கலாம். முழுக் குடியுரிமையே வேண்டுமாயின் அவர் ஏழாண்டுகள் இந்தியாவில் வசித்து, மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பித்து, மற்ற நாட்டைத் துறக்கவேண்டும். இங்கே ஒரு விந்தையும் நேர்கிறது. தேர்தல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்திய பாஸ்போர்ட்டோடு பத்தாண்டுகளாக டல்லஸில் வாழ்பவர், தேர்தல் நாளில் நேரில் வந்தால் முடிச்சூரின் வாக்குச்சாவடியில் வாக்களிக்கலாம். அதே பத்தாண்டுகளாக முடிச்சூரில் வாழ்ந்து, அவ்வூரின் வெள்ளத்தையும் குடிநீர்த் தட்டுப்பாட்டையும் நேரில் அனுபவித்த ஓ.சி.ஐ. மருமகனுக்கு அந்த உரிமை கிடையாது. அவ்விருவருள் ஊருக்கு உரியவர் யார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. எந்த நாட்டின் தாளில் பெயர் இருக்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது.

குழந்தையின் நிலை இன்னும் கூர்மையானது. அக்குழந்தை கனடாவில் பிறந்தால் பிறப்பாலேயே அந்நாட்டுக் குடியுரிமை பெறுகிறது. வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்னும் உறுதிமொழியோடு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்தால் தாய் வழியாக இந்தியக் குடியுரிமையும் பெறுகிறது. தாய் வழியாக என்பதே புதிது; 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை வழியாக மட்டுமே அவ்வுரிமை வந்தது. அவ்வாறு பதிவான குழந்தை பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. இரட்டைக் குடியுரிமையைக் கொள்கையளவில் மறுக்கும் சட்டமே குழந்தைப்பருவம் முழுதும் அதைப் பொறுத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். இரு நாட்டுக்கு உரியவராக இருப்பது இயற்கைக்கு மாறானது என்றால் பதினெட்டு ஆண்டுகள் அது எவ்வாறு தீங்கின்றி நடந்தது என்னும் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

ஒருவருக்கு ஒரே நாடு என்னும் கோட்பாட்டின் மிகத் தெளிவான பழைய வடிவம் ரோமில் கிடைக்கிறது. காடஸ் நகரில், அதாவது இன்றைய ஸ்பெயினின் காடிஸில், பிறந்த பால்பஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட ரோமக் குடியுரிமை செல்லாது என்று வழக்குத் தொடரப்பட்டபோது, கி.மு. 56இல் அவருக்காக வாதாடிய சிசரோ, ரோமச் சட்டப்படி ஒருவர் இரண்டு நகரங்களின் குடிமகனாக இருக்க இயலாது என்பதைத் தம் வாதத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டார். அதே சிசரோ சில ஆண்டுகளுக்குப் பின் சட்டங்களைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில், தமக்குத் தாயகங்கள் இரண்டு, ஒன்று பிறப்பால் வந்த ஆர்ப்பினம், மற்றது சட்டத்தால் வந்த ரோம், என்று கூறி, கடமையில் முதலிடம் ரோமுக்கே என்று வரிசைப்படுத்தினார். வழக்கறிஞராக ஒன்றும் மெய்யியலாளராக வேறொன்றும் பேசினார் என்று இதை எளிதில் தள்ளிவிடலாம். அது அவருக்கு இழைக்கும் அநீதி. மனம் இரண்டு இடங்களைச் சேர்ந்திருக்கும் என்பதையும், அரசு ஒரே கடமையை இருவர் கேட்பதை விரும்பாது என்பதையும் அவர் ஒருசேரக் கண்டிருந்தார் என்று கொள்வதே பொருத்தம். அடுத்த நூற்றாண்டில், விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் காட்டும் பவுல், தார்சு நகரத்துக் குடிமகனாகவும் ரோமக் குடிமகனாகவும் தம்மைக் கூறிக்கொள்கிறார். சிசரோ மறுத்த இணைப்பு அதற்குள் பேரரசில் இயல்பாகிவிட்டிருந்தது.

ஏதென்ஸின் கதை மணவாழ்வோடு இன்னும் நெருக்கமானது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகனாகலாம் என்னும் சட்டத்தை கி.மு. 451இல் கொண்டுவந்தவர் பெரிக்கிளிஸ். பின்னர் மிலேட்டஸ் நகரத்தைச் சேர்ந்த அஸ்பாசியாவோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்றார், கொள்ளைநோயில் முந்தைய மணத்துப் பிள்ளைகள் இருவரும் இறந்தபின், தம் பெயர் கொண்ட அம்மகனுக்கு விதிவிலக்காகக் குடியுரிமை தருமாறு நகரத்திடம் அவரே கேட்க நேர்ந்தது, நகரமும் தந்தது. சட்டம் இயற்றியவருக்குக் கிடைத்த விதிவிலக்கு சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இனித் தமிழ்நாட்டின் சமய வழக்குகளுக்கு வரலாம். கோத்திரம் எனப்படும் தந்தைவழி மரபுக்குழுவை ஏற்கும் சமூகங்களில், மணம் முடித்த பெண் தந்தையின் கோத்திரத்தை விட்டுக் கணவனின் கோத்திரத்துக்கு உரியவள் ஆகிறாள். கன்னிகாதானம் என்னும் சடங்கு இந்த மாற்றத்தைக் கொடையாகவே நிகழ்த்திக்காட்டுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது 9ஆம் பிரிவைப் போன்றதே: புதியதை ஏற்ற கணத்தில் பழையது அற்றுப்போகிறது. ஆனால் இறப்பு நேரும்போது அந்த ஒற்றுமை குலைகிறது. தீட்டு என்பது இறப்பால் உறவினருக்கு வரும் சடங்குநிலைத் தூய்மையின்மை; அதை எத்தனை நாள் காக்கவேண்டும் என்னும் கணக்கு, இறந்தவரோடு ஒருவருக்குள்ள உறவை நாட்களால் அளந்து சொல்லும் அளவை. அந்தணரிடையே வழங்கும் ஸ்மிருதிக் கணக்கின்படி, மணமான பெண் கணவன்வழிப் பங்காளியின் இறப்புக்குப் பத்து நாள் தீட்டுக் காக்கவேண்டும். தன்னைப் பெற்ற தாயோ தந்தையோ இறந்தால் மூன்று நாள். எங்கோ வாழும் பங்காளிக்குப் பத்தும் பெற்றவருக்கு மூன்றும் என்பது கருமித்தனமான கணக்குத்தான். அதை நியாயம் என்று கொண்டாட ஏதுமில்லை. எனினும் நூலார் பூஜ்யம் என்று எழுதவில்லை. முழுமையாக மாற்றித் தரப்பட்டவள் என்று கோட்பாடு சொன்னபோதும், மாற்றமுடியாத ஒரு மிச்சம் உண்டு என்பதை அந்த மூன்று நாள் ஒப்புக்கொள்கிறது.

ஸ்மிருதிகளைக் காட்டிலும் பொதுமக்களின் வழக்கம் தாராளமானது. பெண்ணொருத்தி இறந்தால், அவள் எத்தனை ஆண்டுகள் புகுந்த வீட்டில் வாழ்ந்திருந்தாலும், பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து போர்த்தப்படவேண்டும் என்பது தமிழ்நாட்டில் பல சாதியாரிடையே இன்றும் நிலவும் முறை. பிறந்த வீட்டுக் கோடி வராத இறப்பு குறையுடையதாகவே கருதப்படுகிறது. அவள் உயிரோடு இருக்கும்போது ஆண்டுதோறும் பொங்கல் சீர் வருகிறது; அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியே இருக்கையாகிறது; மகள் பூப்பெய்தினால் தாய்மாமன் சீரே முதன்மை பெறுகிறது. பிள்ளை தந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் இவர்கள் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் தாயின் பிறந்த வீடு அப்பிள்ளையின்மேல் உரிமையும் கடமையும் உடையது என்பதிலும் ஐயமில்லை. இரண்டும் மோதுவதில்லை, ஏனெனில் எந்தச் செயல் எவருக்கு உரியது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பகுப்பே இக்கட்டுரை சுட்டவரும் செய்தியின் மையம்.

தத்து எடுத்தல் பற்றிய பழைய இந்துச் சட்டம் இதைவிடத் துணிந்து ஒரு படி சென்றது. துவியாமுஷ்யாயணன், அதாவது இரு தந்தையருக்கும் மகன், என்னும் நிலையை அது அறிந்திருந்தது: பெற்ற தந்தையும் தத்தெடுக்கும் தந்தையும் பிள்ளை இருவருக்கும் உரியவன் என்று உடன்பட்டுக்கொண்டால், அவன் இருவருக்கும் பிண்டமிட்டு, இருவர் சொத்திலும் உரிமை பெறலாம். இரண்டு குடும்பங்களின் இரட்டைக் குடிமகன் என்றே அவனைச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் உதவிச் சட்டம் இதற்கு இடம்வைக்கவில்லை. அதன் 12ஆம் பிரிவின்படி, தத்துச்சென்ற நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு உள்ள பிணைப்புகள் அறுந்துபோகின்றன. முறையற்ற மண உறவுத் தடையும் முன்னரே உரிமையான சொத்தும் மட்டும் எஞ்சுகின்றன. இரட்டை நாட்டுரிமையை மறுத்த சட்டம் 1955இலும் இரட்டை மகன்மையைக் கைவிட்ட சட்டம் 1956இலும் வந்தது முற்றிலும் தற்செயல் என்று தோன்றவில்லை. பிரிவினையின் புண் ஆறாத புதிய குடியரசு, எவர் எங்கே உரியவர் என்பதில் இரண்டாம் விடைக்கு இடமே வைக்க விரும்பவில்லை; குடியுரிமை பற்றிய உறுப்புகள் வரைவுக் குழுவுக்குத் தந்த தலைவலியை அம்பேத்கரே அரசியல் நிர்ணய சபையில் குறிப்பிட்டார்.

மற்றச் சமயங்களைச் சுருக்கமாகச் சுட்டினால் போதும். இஸ்லாமிய நெறியில் மணமான பெண் தந்தையின் வழிமரபிலேயே நீடிக்கிறாள். மஹர் அவளுக்கே உரியது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1917ஆம் ஆண்டுத் தொகுப்பு, கணவனின் உறைவிடமே மனைவியின் உறைவிடம் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, நியாயமான காரணம் இருந்தால் இருவரும் தனித்தனி உறைவிடம் கொள்ளலாம் என்று தளர்த்தியது. அத்தொகுப்பின் 112ஆம் விதி, இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர், சீரோ-மலபார் போன்ற வேறு வழிபாட்டு முறைத் திருச்சபையைச் சேர்ந்தவரை மணக்கும்போது துணைவரின் திருச்சபைக்கு மாறலாம் என்றும், மணம் முடிவுற்றால் விருப்பம்போல் இலத்தீன் திருச்சபைக்குத் திரும்பலாம் என்றும் கூறுகிறது. திரும்பும் வழியைத் திறந்தே வைத்த இந்த விதி, ஒருமுறை சென்றவரை விண்ணப்பதாரராக மட்டுமே ஏற்கும் நாட்டுச் சட்டங்களைவிடப் பெருந்தன்மையானது.

ஐரோப்பிய அரசுகள் கன்னிகாதானம் செய்ததில்லை. ஆயினும் அதன் சட்ட வடிவத்தை அவை நூறாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்தன. பிரிட்டனின் 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேற்று நாட்டவரை மணந்த பிரிட்டிஷ் பெண் தன் நாட்டுரிமையை இழந்தாள். அமெரிக்கா 1907இல் அதையே செய்து, 1922இல் கேபிள் சட்டத்தால் பெருமளவு திருத்திக்கொண்டது. பிரிட்டன் 1949 வரை காத்திருந்தது. மணமான பெண்களின் நாட்டுரிமை பற்றிய 1957ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பும், கணவனின் நாடு மனைவியின்மேல் தானாக வந்து ஒட்டக்கூடாது என்று வகுத்தன. இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: மனைவிக்குத் தனி நாட்டுரிமை என்று ஒப்புக்கொண்ட அந்நாளிலேயே ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் குடியேறிவிட்டன, பிள்ளைகள் இருவழியிலும் பெற்றார்கள், இரட்டைக் குடியுரிமை என்பது பெண்ணுக்குக் கிடைத்த சமத்துவத்தின் பின்விளைவாகவே பெருகியது. அதை வெறும் பணக்காரப் புலம்பெயர்ந்தோரின் வசதி என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பிறப்பு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாடு இத்தகைய மாற்றத்தைத் தன் குடும்பச் சட்டத்திலேயே கண்டிருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உற்றார் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் மணம் முடிந்தது. கொடுப்பவர் இல்லை, கொடுக்கப்படுபவர் இல்லை, கோத்திர மாற்றமும் இல்லை. சொத்தில் 1989இல் மகளுக்குப் பிறப்புரிமை தந்தபோது, அதற்கு முன்னரே மணமானவர்களை மாநிலச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. 2005 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மைய அரசின் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கி, மணமான மகளும் பிறந்த குடும்பத்தின் முழு உறுப்பினரே என்றது. அதே ஆண்டு டிசம்பரில்தான் ஓ.சி.ஐ. வந்தது. வரலாம், தங்கலாம், தந்தையின் நிலத்தைப் பெறலாம், ஆனால் வீட்டு முடிவில் வாய் திறக்கக்கூடாது என்னும் அந்த அட்டை, பிறந்த வீட்டுக்கு வந்த மணமான மகளின் பழைய நிலையையே வழங்குகிறது. நாட்டுரிமையில் அது மூன்று நாள் தீட்டுக்கு நிகர். குடும்பச் சட்டம் கைவிட்ட நிலையைக் குடியுரிமைச் சட்டம் அந்த ஆண்டிலேயே கைக்கொண்டது.

இரட்டைக் குடியுரிமைக்கு எதிரான வாதம் வலுவற்றது அன்று. இரு நாடுகள் போரிட்டால் அவர் எந்தப் பக்கம்? இரு நாட்டிலும் வாக்களிப்பவர், ஒரு நாட்டில் தாம் போட்ட வாக்கின் விளைவை அனுபவிக்காமல் மற்றதற்குப் போய்விடலாமல்லவா? இலங்கை இக்கேள்விகளோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியது: இரட்டைக் குடியுரிமையாளர் நாடாளுமன்ற உறுப்பினராவதை 2015இல் 19ஆம் திருத்தம் தடுத்தது, 2020இல் 20ஆம் திருத்தம் அத்தடையை நீக்கியது, 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. அரசியல் குடும்பங்களின் நலனும் இதில் கலந்திருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த அலைச்சலுக்குள் ஒரு நல்ல வழி தெரிகிறது. பதவி என்னும் செயலில் ஒற்றைப் பற்றைக் கேட்டு, உரிமை என்னும் நிலையில் இரட்டைப் பற்றை அந்நாடு அனுமதித்தது. ஒருவரே இரு மன்றங்களில் சட்டம் இயற்ற முடியாது, இரு படைகளில் பணியாற்ற முடியாது. இவை ஒரே நேரத்தில் ஒரே செயலை இருவர் கேட்கும் இடங்கள், இங்கே அரசு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயம். தந்தைக்குக் கொள்ளிவைக்க வருவதிலும், வாழும் ஊரின் சாக்கடைக்காகக் கிராமசபையில் பேசுவதிலும், குழந்தையைப் பாட்டியின் ஊரில் பள்ளியில் சேர்ப்பதிலும் அத்தகைய மோதல் எதுவும் இல்லை. தாய்மாமனும் பங்காளியும் ஒரே பிள்ளையின்மேல் சண்டையின்றி உரிமை கொள்வதைப் போல, நாடுகளும் செயல்களைப் பிரித்துக்கொள்ளலாம். மனிதரைப் பிரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய கட்டுரைகளில் கணியன் பூங்குன்றனாரை அழைத்துவருவது வழக்கம். அவருடைய புறநானூற்றுப் பாடல் இங்கே உதவாது. எல்லா ஊரையும் தன் ஊராகக் கொள்ளும் துறவுநிலைக்கு நாடு என்னும் சிக்கலே எழாது. கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலார் பேசிய உலகக் குடிமையும் அவ்வாறே. மணமக்களின் நிலை அதற்கு நேர் எதிரானது. அவர்களுக்கு எல்லா நாடும் வேண்டியதில்லை. குறிப்பிட்ட இரண்டே நாடுகள் வேண்டும், அவ்விரண்டிலும் குறிப்பிட்ட வீடுகள், குறிப்பிட்ட முதியவர்கள், குறிப்பிட்ட இடுகாடுகள் இருக்கின்றன. நாட்டுரிமை என்பது உண்மையான பிணைப்பை அடிப்படையாகக் கொண்ட சட்ட உறவு என்று 1955இல் நோட்டபோம் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் கூறியது. அந்த அளவுகோலைப் பொருத்தினால் இத்தகைய தம்பதியர் இரு நாட்டிலும் தேறுவார்கள்.

இருந்தும், இரட்டைக் குடியுரிமைக்கான கோரிக்கையை முதலிடத்தில் வைக்க இயலாதபடி தடுக்கும் ஒரு கூட்டம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், தோட்டவேலைக்காக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பெருந்தொகையாக நாடற்றவர், அதாவது எந்த அரசும் தன்னவர் என ஏற்காதவர், ஆனார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, மீதியைப் பின்னாளுக்குத் தள்ளியது. ஒரே குடும்பத்தில் சிலர் ஒரு நாட்டுக்கும் சிலர் மற்றதற்கும் உரியவராகிப் பிரிந்தார்கள். 1983க்குப் பின் இலங்கைப் போரிலிருந்து தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுள் ஏறத்தாழ 58,000 பேர் 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர் ஏறத்தாழ 34,000 பேர். இவர்களுள் பலர் இந்தியக் குடிமக்களை மணந்திருக்கிறார்கள். உரிய ஆவணமின்றி நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்னும் வரையறைக்குள் அடங்குவதால், ஏழாண்டு அன்று, முப்பதாண்டு இங்கே வாழ்ந்த கணவருக்கும் மணத்தின் வழியான பதிவு மூடியிருக்கிறது. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு அத்தடையைத் தளர்த்திய 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025இல் பிறப்பிக்கப்பட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து காத்ததே தவிர, குடியுரிமை தரவில்லை.

அவர்களுடைய பிள்ளைகள் மூவகைப்பட்டார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணொருவருக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டதும், அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்ததும் அதனால்தான். அதன்பின் 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்நாளிலிருந்து பிறந்தவருக்கோ, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்கவேண்டும். ஆகவே, தாய் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டவள், பிறந்தது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை, படித்தது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றாலும், தந்தை முகாமைச் சேர்ந்தவர் என்பதற்காக அக்குழந்தை இந்தியக் குடிமகன் அன்று. தந்தை இலங்கைக் குடிமகனாக இருந்தால் சென்னையிலுள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்து, கண்ணால் காணாத நாட்டின் குடிமகன் ஆகலாம். தந்தையே நாடற்ற மலையகத் தமிழர் என்றால் அதுவும் இல்லை. பெரிக்கிளிஸின் சட்டம் இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறு சொற்களில் திரும்பியிருக்கிறது. விதிவிலக்குக் கேட்கச் செல்வாக்குள்ள தந்தை மட்டும் இங்கே இல்லை.

டொராண்டோவிலிருந்து முடிச்சூருக்கு வந்துபோகும் தம்பதிக்கு இரண்டாம் நாடு வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. முகாம் மணத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாடு வேண்டும் என்பது அதற்கு முந்தியது. குடியுரிமையைப் பற்றிச் சட்டம் இயற்றும் முழு அதிகாரத்தை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கே தந்திருப்பதால், குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து, பெற்றோருள் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது என்னும் அந்த ஒரு நிபந்தனையை நீக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும்.